ஒரே எபிசோடைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பையன்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். மகனுக்கு மூன்று வயது ஏழு மாதம். 'ப்ளூஸ் க்ளூஸ்' நிகழ்ச்சியில் ஒரே ஒரு எபிசோடைத்தான் மூன்று வாரமாகப் பார்க்கிறான், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. வேறு போட்டால் அழுகை. அதில் வருபவர் கேள்வி கேட்டால் இவன் எழுந்து நின்று கத்திப் பதில் சொல்கிறான், விரலை நீட்டிக் காட்டுகிறான். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் அத்தை, "டிவியோட பேசுறானே, இது நல்லதுக்கில்ல" என்று பயப்படுகிறார். ராத்திரி நெட்டில் தேடினேன். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது ஆட்டிசத்தின் அறிகுறி என்று வந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கணவர் டிவியையே நிறுத்திவிடலாம் என்கிறார். டிவிக்கு இங்கிலீஷில் பதில், பாட்டியிடம் தமிழ். இதிலும் குழம்புகிறானோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? – ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த வார்த்தையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடிதத்தை வைத்து ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் உண்டு என்றோ இல்லை என்றோ பேச்சுப் பயிற்சியாளர் யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் பயந்து எழுதியிருக்கும் வரிகளிலேயே எனக்கு நிம்மதி தரும் விஷயங்கள் இருக்கின்றன. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறான். விரல் நீட்டிக் காட்டுகிறான். ஆளைப் பார்த்து மொழியை மாற்றிப் பேசுகிறான். இதெல்லாம் மற்றவர் மனதில் என்ன இருக்கிறது என்று கவனிக்கிற பிள்ளை செய்வது.

ஒன்றையே திரும்பச் செய்வது ஆட்டிசத்தில் உண்டுதான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலோரிடமும் அது உண்டு. அதே கதை, அதே தட்டு, அதே சட்டை. அதை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. டிவி ஓடாத நேரத்தில் அவன் எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? புதிதாக ஒன்றைக் கண்டால் உங்களிடம் எடுத்துவந்து காட்டுகிறானா? வேடிக்கையாக ஏதாவது நடந்தால், நீங்களும் சிரிக்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? வெறும் டம்ளரில் காப்பி ஆற்றிப் பாட்டிக்குக் கொடுப்பது மாதிரி பாவனை விளையாட்டு உண்டா? டிவியில் கேட்ட வசனத்தை அப்படியே ஒப்பிக்காமல், "இன்னைக்கு என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் சொந்த வார்த்தையில் பதில் வருகிறதா? முன்பு பேசிய வார்த்தைகள் ஏதாவது நின்றுபோயிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றாலும், மற்றவற்றில் இரண்டு மூன்றுக்கு 'இல்லை' என்றாலும், டிவியைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவிட்டு மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மூன்று வயது தாண்டிவிட்டதால் உங்கள் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பப்ளிக் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குத்தான் எழுத வேண்டும். அங்கே 'சைல்ட் ஸ்டடி டீம்' என்று ஒரு குழு இருக்கிறது. மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேட்டால், 20 நாட்களுக்குள் உங்களை அழைத்துப் பேச வேண்டும் என்பது மாநில விதி. செலவு கிடையாது. பையன் இன்னும் ஸ்கூலில் சேரவில்லை என்பது தடையே இல்லை. அவனுடைய டாக்டரிடமும் சொல்லிவையுங்கள்.

சரி, இனி நிகழ்ச்சிக்கு வருவோம். அத்தை பார்த்துப் பயந்த காட்சி, அதை எடுத்தவர்கள் பார்த்தால் சந்தோஷப்படுகிற காட்சி. டிவியோடு குழந்தை பேச வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்ட நிகழ்ச்சி அது.

1996 செப்டம்பரில் அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் ப்ளூஸ் க்ளூஸ் தொடங்கியது. உருவாக்கியவர்கள் ட்ரேசி பெய்ஜ் ஜான்சன், டாட் கெஸ்லர், ஏஞ்சலா சான்டொமேரோ என்ற மூன்று பேர். காகிதத்தையும் துணியையும் வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும் கார்ட்டூன் வீடு. அதற்குள் நிஜ மனிதராக ஒரே ஒருவர். முதலில் ஸ்டீவ் பர்ன்ஸ், 2002இல் அவர் விலகியதும் டோனவன் பேட்டன், 2019இல் புதிதாகத் தொடங்கியபோது ஜாஷ் டெலா க்ரூஸ். உங்கள் மகனுக்குப் பிடித்தது எதுவென்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான். ப்ளூ என்ற நீல நாய்க்குட்டிக்கு ஏதோ ஒன்று வேண்டும், அதற்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது. மூன்று பொருள்கள் மேல் தன் பாதத் தடத்தைப் பதித்துவிட்டுப் போகும். அந்த மூன்று துப்பையும் சேர்த்து யோசித்தால் அது கேட்பது என்னவென்று தெரிந்துவிடும்.

அடுத்த தடவை அவன் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இடத்தை மட்டும் உன்னிப்பாகக் கவனியுங்கள். தடம் அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் பளிச்சென்று தெரியும். அவர் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். "எங்கே? காணோமே" என்பார். அப்புறம் நேராகக் கேமராவைப் பார்த்துக் கேட்டுவிட்டு நிற்பார். இன்னும் நிற்பார். நமக்குச் சங்கடமாக இருக்கும் அளவுக்கு அந்த மௌனம் நீளும். பெரியவர்களுக்கு எடுக்கும் நிகழ்ச்சியாக இருந்தால் எடிட்டிங்கில் முதலில் வெட்டி எறியப்படுவது அதுதான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கேள்வியைப் புரிந்துகொண்டு, விடையைக் கண்டுபிடித்து, அதற்கான வார்த்தையைத் தேடி, வாய்க்குக் கொண்டுவர அத்தனை நேரம் வேண்டும். பேச்சுப் பயிற்சியில் பெற்றோருக்கு நாங்கள் கற்றுக்கொடுப்பதில் கஷ்டமான பாடம் இதுதான்: கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. பெரும்பாலோரால் ஒரு நொடிக்கு மேல் பொறுக்க முடிவதில்லை, தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நிகழ்ச்சி பொறுத்திருக்கிறது.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. நாள் முழுக்க 'இதைத் தொடாதே, செருப்பைப் போடு, வாயைத் துடை' என்று கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு பொடியனுக்கு, ஒரு பெரிய மனிதருக்குத் தெரியாததைத் தான் எடுத்துச் சொல்லும் வாய்ப்பு அங்கே கிடைக்கிறது. எழுந்து நின்று கத்தாமல் என்ன செய்வான்? சொன்னதும் அவர் திரும்பிப் பார்த்து, கண்டுபிடித்துவிட்டேன் என்று மகிழ்வதும் அவனுக்கு நன்றி சொல்வதும் அவன் குரலைக் கேட்டது போலவே இருக்கும். உண்மையில் ஸ்டீவ் பர்ன்ஸ் எதிரே குழந்தை யாரும் கிடையாது. வெற்றுத் திரைக்கு முன்னால் நின்று, ஒரு குழந்தை இருப்பதாக முழுமனதோடு நினைத்துக்கொண்டு அவர் பேசினார். குழந்தைகளோடு வேலை செய்கிறவளாகச் சொல்கிறேன், அந்த மரியாதை எல்லோருக்கும் வராது. அவருக்கு என் மனதில் தனி இடம் உண்டு.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. ஏன் ஒரே எபிசோடு?

தொடங்கிய காலத்தில் நிக்கலோடியன் இந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பிய விதத்தைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒரே எபிசோடைத்தான் போட்டார்கள். சேனலில் அதுவரை யாரும் அப்படிச் செய்து பழக்கமில்லை. குழந்தைகள் திரும்பத் திரும்பப் பார்ப்பதை அலுப்பில்லாமல் ரசிக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நம்பிச் செய்தார்கள். அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்த டேனியல் ஆண்டர்சன் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர். குழந்தைகள் டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தை அவர் 1970களிலிருந்தே கேள்வி கேட்டுவந்தவர். 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியின் காட்சிகளை முன்பின்னாகக் கலைத்துப் போட்டார், வசனத்தைக் கிரேக்க மொழிக்கு மாற்றினார், பேச்சைத் தலைகீழாக ஓடவிட்டார். வண்ணம், அசைவு, சத்தம் எல்லாம் இருந்தும் குழந்தைகளின் பார்வை திரையை விட்டு விலகியது. அதாவது, புரிந்தால்தான் பார்க்கிறார்கள். புரியாததை விட்டுவிடுகிறார்கள்.

இதை உங்கள் மகனோடு சேர்த்து யோசியுங்கள். முதல் தடவையில் அவனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். இரண்டாவது தடவையில் நாய்க்குட்டி எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிட்டது, அதனால் அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று கேட்க முடிகிறது. அதற்கடுத்த தடவையில் கேள்வி வருமுன்பே பதில் தயார். ஆண்டர்சனும் சான்டொமேரோவும் இன்னும் சிலரும் சேர்ந்து இதை ஆய்வாகவே செய்து 1999இல் வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஒரே எபிசோடை ஐந்து தடவை வரை காட்டியபோது, கதை புரிவதும் கூடியது, திரையைப் பார்த்துப் பதில் சொல்வதும் கூடியது. நிகழ்ச்சியை உருவாக்கியவரே ஆய்விலும் இருக்கிறார் என்பதை நீங்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம். அதனால் வேறொன்றும் சொல்கிறேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கதைப் புத்தகங்களை வைத்து மூன்று வயதுக் குழந்தைகளிடம் பார்த்தார்கள், 2011இல் வெளியானது. ஒரு புதுச்சொல்லை வெவ்வேறு கதைகளில் கேட்ட பிள்ளைகளைவிட, அதே சொல்லை ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளைகள்தான் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கதை பழகியதும் மிச்சமிருக்கும் கவனமெல்லாம் சொல்லுக்குப் போகிறது.

ஆகவே ஒரே எபிசோடு என்பதில் எனக்குக் குறையே இல்லை. ஒரே நாளில் நான்கு தடவை என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இந்த வித்தியாசத்தை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள். அந்தச் சேனல் ஐந்து தடவை போட்டது ஐந்து நாட்களில். நடுவே தூக்கம் இருந்தது, விளையாட்டு இருந்தது, நேற்றுப் பார்த்ததை ஞாபகப்படுத்திப் பார்க்க இடம் இருந்தது. இடைவெளி விட்டுத் திரும்ப வந்தால் பாடம் ஆழமாகப் பதியும் என்பது பெரியவர்களுக்கும் பொருந்துகிற, நன்றாக நிறுவப்பட்ட விஷயம். தொடர்ந்து நான்கு தடவை ஓடினால் மூன்றாவதிலோ நான்காவதிலோ பதில் சொல்வது நின்றுபோகலாம், வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கலாம். கவனித்துப் பாருங்கள், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். தவிர நேரக் கணக்கும் இருக்கிறது. ஏறக்குறைய அரை மணி நேர நிகழ்ச்சி, நான்கு தடவை என்றால் இரண்டு மணி நேரம். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் சொன்னதும் அதே அளவுதான், கூடவே பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

ஒரு நாளைக்கு ஒரு தடவை, அவன் கேட்கிற அதே எபிசோடு, முடிந்தவரை ஒரே நேரத்தில். வேறு எபிசோடை நீங்களாகத் திணிக்க வேண்டாம். அவனுக்கு இதில் எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்து முடிந்ததும் அவனே விட்டுவிடுவான். யூடியூபில் போடுகிறீர்கள் என்றால் ஆட்டோபிளேயை நிறுத்திவையுங்கள். ப்ளூஸ் க்ளூஸ் முடிந்ததும் தானாக ஓடத் தொடங்கும் அடுத்த வீடியோ கேள்வியும் கேட்காது, காத்தும் இருக்காது. இந்த வயதுக் குழந்தைகள் பார்ப்பதில் எனக்கு உண்மையாகவே பயம் தருவது அதுதான்.

இப்போது உங்கள் அத்தைக்கு வருகிறேன். அவருக்கு இங்கிலீஷ் நிகழ்ச்சி புரியாது என்றுதான் நினைக்கிறேன். புரியாவிட்டால் ரொம்ப நல்லது. நிகழ்ச்சி முடிந்து சாப்பிட உட்காரும்போது, "நாய்க்குட்டிக்கு என்ன வேணுமாம்? எனக்கு ஒண்ணுமே விளங்கலையே" என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. டிவியில் வரும் மனிதர் தெரியாத மாதிரி நடிக்கிறார், பாட்டிக்கு நிஜமாகவே தெரியாது. இங்கிலீஷில் கேட்ட கதையைத் தமிழில் சொல்ல வேண்டுமானால், வசனத்தை ஒப்பித்தால் போதாது. கதையைப் புரிந்து, முன்பின் வரிசைப்படுத்தி, சொல் தேடி, புதிதாகச் சொல்ல வேண்டும். அவன் வயதுக்கு அது பெரிய வேலை. முதலில் "நாயி... நாற்காலி... தூங்குச்சு" என்று துண்டு துண்டாக வரும். வார்த்தை தெரியாத இடத்தில் இங்கிலீஷ் வார்த்தையைப் போடுவான், மெத்தைக்கு 'பெட்' என்பான். திருத்த வேண்டாம். "ஓ, மெத்தையில தூங்குச்சா?" என்று பாட்டி தமிழில் திருப்பிச் சொன்னால் போதும், மறுநாள் அந்த வார்த்தை அவனிடம் இருக்கும். நாளைக்கும் அதே எபிசோடுதானே, அதே கதையை இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்வான்.

மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இப்படி வீடியோவை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கவும், கதையைத் திருப்பிச் சொல்லவைக்கவும் கற்றுக்கொடுத்து நான்கு வாரம் பார்த்த ஓர் ஆய்வு அமெரிக்காவில் 2013இல் வந்தது. சும்மா போட்டுவிட்ட வீடுகளைவிட அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதையும் புரிந்தது, சொற்களும் கூடின. ஆக, நிகழ்ச்சி எவ்வளவு நல்லதானாலும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

இரண்டு மொழியால் குழப்பமோ என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பம் இல்லை. எந்த ஆளுக்கு எந்த மொழி என்று பிரித்துப் பேசுகிறான் என்றால் அவன் தெளிவாக இருக்கிறான். இதற்காக வீட்டில் இங்கிலீஷுக்கு மாறிவிடாதீர்கள். இங்கிலீஷ் அவனை ஸ்கூலில் வந்து சேர்ந்துவிடும், தமிழுக்கு உங்களை விட்டால் அவனுக்கு வேறு இடம் இல்லை.

டிவி இல்லாமலே அந்த விளையாட்டை வீட்டில் ஆடலாம், அத்தைக்கும் பிடிக்கும். பாட்டி மனதில் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும், ரசம் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் பாதத் தடம் வரைந்து மூன்று பொருளில் ஒட்டுங்கள். இதில் வரிசை முக்கியம். நிகழ்ச்சியிலும் முதல் துப்பு பல விடைகளுக்கு இடம் கொடுக்கும், கடைசித் துப்பில்தான் விடை பிடிபடும். நீங்கள் மிளகை முதலில் வைத்துவிட்டால் விளையாட்டு அங்கேயே முடிந்துபோகும். தக்காளியை முதலில் வையுங்கள், அது சட்னியாகவும் இருக்கலாம், சாம்பாராகவும் இருக்கலாம். அடுத்துப் புளி. சட்னி ஏறக்குறையப் போய்விட்டது, சாம்பார் இன்னும் நிற்கிறது. அப்புறம்தான் மிளகு. ஒவ்வொன்று கிடைத்ததும் "பாட்டிக்கு என்ன வேணுமா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அந்த மனிதர் நிற்கிற மாதிரி நில்லுங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணினால் சரியாக இருக்கும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, ஏன் அப்படி நினைத்தான் என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் அவன் யோசிப்பது வெளியே வரும். இரண்டு மூன்று நாளில் அவனே உங்களுக்குத் தடம் ஒட்டத் தொடங்குவான். துப்பு வைக்கத் தெரிவது கண்டுபிடிப்பதைவிடப் பெரிய படி, அப்போது அவசரப்படுத்தாமல் அவன் போக்கிலேயே விடுங்கள்.

டிவியையே நிறுத்திவிடலாம் என்ற உங்கள் கணவரின் யோசனையில் அக்கறை இருக்கிறது, ஆனால் நான் அதை ஆதரிக்கமாட்டேன். சின்னக் குழந்தைகள் பார்த்த நிகழ்ச்சிகளையும் அவர்கள் பேச்சையும் ஒப்பிட்டு 2005இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லா நிகழ்ச்சியும் ஒன்றல்ல என்பதுதான் அதன் சாரம். ப்ளூஸ் க்ளூஸ் பார்த்த குழந்தைகளுக்குச் சொல்வளம் கூடுதலாக இருந்தது, வேறு சில நிகழ்ச்சிகள் பார்த்தவர்களிடம் குறைவாக இருந்தது. பார்த்ததால்தான் கூடியது என்று அடித்துச் சொல்ல முடியாது, நன்றாகப் பேசும் பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கவும் கூடும். ஆனாலும் இருப்பதில் நல்ல நிகழ்ச்சியை உங்கள் பிள்ளை பிடித்திருக்கிறான். அதை அவனிடமிருந்து முழுசாகப் பிடுங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் சில நாளாவது அவரும் கூட உட்காரட்டும்.

கடைசியாக, நான்கிலிருந்து ஒன்றுக்குக் குறைக்கும்போது வரப்போகும் அழுகை. அழத்தான் செய்வான். முடிந்த பிறகு 'போதும்' என்று சொல்வதைவிட, போடுமுன்பே "இன்னைக்கு ஒரு தடவை, முடிஞ்சதும் நீயே ஆஃப் பண்ணு" என்று சொல்லி ரிமோட்டை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். நிகழ்ச்சி முடிவில் விடைபெறும் பாட்டு வரும், அதுவே அவனுக்கு அறிவிப்பு. அணைத்த உடனே போக ஒரு இடம் வேண்டும், சமையலறையில் பாட்டி கதை கேட்கக் காத்திருப்பதுதான் அந்த இடம். 'இன்னொரு தடவை' என்று கேட்டால், "நாளைக்கு இதையேதான் பார்ப்போம்" என்று சொல்லுங்கள், மறுநாள் சொன்னபடி அதையே போடுங்கள். முதல் சில நாள் பாடுபடுத்துவான். அந்த நாட்களில் ஒரு தடவை மனமிரங்கி இரண்டாவது முறை போட்டுவிட்டால், அதற்கடுத்த நாள் அழுகை இன்னும் நீளும். அதனால் தொடங்குமுன் நீங்கள், கணவர், அத்தை மூன்று பேரும் உட்கார்ந்து பேசி ஒரே முடிவாக இருங்கள். பாட்டியிடம் போய்க் கேட்டால் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு கறாராக இருந்தும் பயனில்லை.